வலி இப்போது யார் மேசையில்?

சார்புச் செயலாளர் துரைசிங்கத்துக்கு இடது இடுப்பில் வலி. ஆனால் அவருடைய இடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. அது அரசாங்க வலி.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். சங்குத்தீவுக் குடியரசு சின்ன நாடு. கிழக்குக் கரையில் காலையில் கிளம்பிய பேருந்து மதியச் சாப்பாட்டுக்குள் மேற்குக் கரைக்குப் போய்விடும். இவ்வளவு சின்ன நாட்டில் துறைக்கு ஓர் அமைச்சர் என்றால் கட்டுப்படியாகாது என்று பாதுகாப்பையும் நலவாழ்வையும் ஒரே ஆளிடம் கொடுத்திருந்தார்கள். மாண்புமிகு வீரபாகு காலையில் பீரங்கிப் படகைப் பார்வையிடுவார், மாலையில் பிரசவ வார்டைத் திறந்துவைப்பார். இரண்டு இடத்திலும் ஒரே உரைதான். நாட்டின் எதிர்காலம் இங்கேதான் உருவாகிறது என்பார். அந்த உரையை எழுதியவர் துரைசிங்கம்.

நாடாளுமன்றக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் அவர் வேலை. அதில் அவர் கெட்டிக்காரர். பதில் மாதிரியே இருக்கும், ஆனால் பதில் இருக்காது. வெங்காயத்தை உரித்துக்கொண்டே போவது போல உறுப்பினர்கள் உரித்துக்கொண்டே போய், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த வெங்காயம் பொறுக்காமல்தான் உறுப்பினர்கள் உடனுணர்வுச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மக்கள் படும் துன்பத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தால், அந்தத் துன்பத்தில் இருக்கும் ஒருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டுவார்கள். அவருடைய வலி பதில் சொல்பவருக்கும் போய்ச் சேரும். கேள்வி ஏற்கப்பட்ட நாளிலிருந்து பதில் சபைக்கு வரும் நாள்வரை போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். அப்படி ஒரு கருவி வேலை செய்யாது என்ற நம்பிக்கையில்தான் ஆளுங்கட்சியும் ஆதரித்து வாக்களித்தது. துரதிர்ஷ்டவசமாக அது வேலை செய்தது.

கருவியைச் செய்தவர் யூஜின் என்ற இளம் பொறியாளர். துரைசிங்கத்துக்கு எதுவும் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். அலுவலக லிஃப்ட் நின்றால்கூட மெக்கானிக் வரும்வரை காத்திருந்து பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார். அதனால் யூஜின் வந்த அன்றே பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

"வலிங்கிறது காயத்துல இல்ல சார்," என்றார் யூஜின். "காயம் வெறும் தபால் பெட்டி. அங்கேயிருந்து மூளைக்குப் போற செய்திதான் வலி. அந்தச் செய்தியை நடுவழியில நகல் எடுத்து இன்னொருத்தர் மூளைக்கும் அனுப்புறோம்."

"நகல்தானே," என்றார் துரைசிங்கம் நிம்மதியாக.

"உண்மை நகல் சார். சான்றொப்பம் போட்டது."

வலியை வாங்குவதற்கு யூஜின் தனியாக ஒரு பட்டை செய்யவில்லை. அமைச்சர்முதல் கடைநிலை ஊழியர்வரை எல்லோரும் வருகைப்பதிவுக்காக ஏற்கெனவே கையில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். அதற்குள்ளேயே வைத்துவிட்டார்.

முதல் கேள்வி மருத்துவச்சிகள் பற்றாக்குறை பற்றியது. வீரபாகு எழுந்து நின்று இரண்டு வாக்கியம்தான் சொன்னார். பிறகு சபாநாயகரின் மேடையைப் பிடித்துக்கொண்டு தன் தாயாரைக் கூப்பிட்டது அவைக்குறிப்பிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு துறையின் மூளை வேலை செய்தது. செயலாளர் கோதைநாயகி அம்மையார் அதிகாரிகளைக் கூட்டி, அமைச்சர் போட வேண்டிய கையெழுத்தை நாம் போடுகிறோம், அமைச்சர் படிக்க வேண்டியதை நாம் படிக்கிறோம், வலி மட்டும் என்ன தனியா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதிகாரப் பகிர்வு ஆணையில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. அமைச்சரின் வலி செயலாளருக்கு இறங்கியது. அவரிடமிருந்து கூடுதல் செயலாளருக்கு, அங்கிருந்து துணைச் செயலாளருக்கு, அங்கிருந்து சார்புச் செயலாளர் துரைசிங்கத்துக்கு. அவருக்கும் கீழே பிரிவு அலுவலர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குச் சங்கம் இருந்தது. துரைசிங்கத்துக்கு நீரிழிவு மட்டும்தான் இருந்தது.

இத்தனை பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பதானால் ஒவ்வொரு தடவையும் தான் ஓடிவர வேண்டியிருக்கும் என்று யூஜின் ஒரு குறுக்குவழி செய்தார். வலியை ஆளோடு இணைக்காமல் கோப்போடு இணைத்துவிட்டார். கணினியில் அந்தக் கோப்பு யார் பெயரில் நிற்கிறதோ, வலி அவருக்கு. அவ்வளவுதான்.

இப்போது துரைசிங்கத்தின் பெயரில் நின்ற கோப்பு, வடகரைத் தொகுதி உறுப்பினர் சலீமா ரவூஃப் கேட்ட கேள்வி. சலீமா குரலை உயர்த்தமாட்டார். கேள்வியை மட்டும் நன்றாகத் தீட்டிவைத்திருப்பார்.

'(அ) பொது மருத்துவமனைப் புற்றுநோய் வார்டில் மார்ஃபின் என்ற வலிநிவாரணி மருந்து தீர்ந்துவிட்டது என்பது உண்மையா. (ஆ) அதே மருந்து பாதுகாப்புத் துறைக் கிடங்கில் போர்க்கால இருப்பாகப் பூட்டிவைக்கப்பட்டுள்ளது என்பதும் உண்மையா. (இ) இரண்டும் உண்மையெனில், வார்டுக்கும் கிடங்குக்கும் நடுவே ஒரு சாலை மட்டுமே உள்ளது என்பதை அமைச்சர் அறிவாரா?'

மூன்றும் உண்மை. அதுதான் சிக்கல். நலவாழ்வு அமைச்சர் வீரபாகு, மருந்தைத் தந்து உதவும்படி பாதுகாப்பு அமைச்சர் வீரபாகுவுக்கு உருக்கமாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். போர் வந்தால் என்ன செய்வது என்று பாதுகாப்பு அமைச்சர் கண்டிப்பாக மறுத்திருந்தார். சங்குத்தீவின்மேல் படையெடுக்க இதுவரை எந்த நாடும் ஆர்வம் காட்டியதில்லை. ஆனாலும் தளபதிக்குக் கிடங்கு நிறைந்திருக்க வேண்டும். இரண்டு கடிதங்களையும் எழுதியவர் துரைசிங்கம். முதல் கடிதம் நன்றாக வந்திருந்தது. அதற்கு மறுப்பு எழுத அவர் ரொம்பக் கஷ்டப்பட்டார்.

கோப்பை மேலே தள்ள அவருக்கு வழியில்லாமல் இல்லை. ஆனால் சார்புச் செயலாளர் கோப்பை மேலே அனுப்பினால் தன் பரிந்துரை என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். கொடுக்கலாம் என்று எழுதினால் தளபதி கோபிப்பார். கொடுக்க வேண்டாம் என்று எழுதினால் பத்திரிகைகள் பிடித்துக்கொள்ளும். ஓய்வு பெறப்போகிற வயதில் எதற்கு வம்பு? ஆகவே ஒவ்வொரு தவணையிலும் விவரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன என்று எழுதிக் காலநீட்டிப்பு வாங்கினார். நீட்டித்தது கேள்வியை மட்டுமல்ல, தன் இடுப்பு வலியையும்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அந்த வாக்கியத்தை எழுதும்போது கை தானாகவே ஓடியது.

யாரோ ஒரு நோயாளியின் வலி அது. பெயர் தெரியாது. சட்டம் பெயரை மறைத்திருந்தது. ஆனால் மாதக்கணக்கில் சுமந்ததில் அதன் குணம் பழகிவிட்டது. முதலில் முழங்காலுக்குப் பின்னால் ஓர் ஊசிக் குத்தல். பிறகு இடுப்பில் இரண்டு தட்டல், கதவைத் தட்டி அனுமதி கேட்பதுபோல. அதன் பிறகு அலை. அலை வருவதற்கு முன் உடம்பை இடப்பக்கமாகச் சாய்த்து, வலது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் தேவலை. மாத்திரை போட்டுப் பார்த்தார், அசையவே இல்லை. யூஜினிடம் கேட்டதற்கு, உங்கள் உடம்பில் ஒன்றும் இல்லாதபோது மாத்திரை எதைப் போய்ச் சரிசெய்யும், மருந்தை அங்கே போட்டால்தான் இங்கே நிற்கும் என்றார். துரைசிங்கம் விளக்கத்தை மிகவும் ரசித்தார். ரசித்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருடைய பணிக்காலத்திலேயே சிறந்த யோசனை என்று அன்று நினைத்தார். துறையில் கூட்டுவதும் துடைப்பதும் காவல் காப்பதும் ஒப்பந்த ஆட்கள்தானே, வலி தாங்குவதையும் ஒப்பந்தத்துக்கு விட்டால் என்ன? இதை அவர் தனிக் குறிப்பாக எழுதி அனுப்ப, கோதைநாயகி அம்மையார் படித்துவிட்டு, இப்படி ஒரு குறிப்பைப் பார்த்து வெகுநாளாயிற்று என்று பாராட்டினார். ஒரு மனிதவள நிறுவனம் குறைந்த விலைக்கு எடுத்தது. கோப்பு அந்த நிறுவனத்தின் பெயருக்கு மாறிய கணத்தில் துரைசிங்கத்தின் இடுப்பு லேசானது. அன்று மாலை பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி வீடுவரைக்கும் நடந்தே போனார்.

சில வாரங்கள் கழித்து யூஜின் கூப்பிட்டார். ஏதோ இடிக்கிறது என்றார். அனுப்பிய வலியும் வாங்கிய வலியும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கருவி கணக்குக் காட்டும். எந்த இரண்டு மூளைக்கும் முழுதாக ஒத்துப்போகாது. கூடப்பிறந்தவர்களுக்கே கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும்.

"ஒப்பந்தக்காரர் கணக்குல ஒரு இம்மிகூட வித்தியாசம் இல்ல சார்," என்றார் யூஜின். "அதோட, வலி ஏறிக்கிட்டே போகுது. ஒலிபெருக்கி முன்னாடி மைக்கைக் காட்டினா ஊளையிடும் பாருங்க, அந்த மாதிரி."

இது எப்படி நடக்கும் என்று துரைசிங்கத்துக்கு ஆர்வமாக இருந்தது. வெறும் ஆர்வம்தான், வேறு எதுவும் இல்லை. அந்த ஆர்வத்தில்தான் மறுநாள் மருத்துவமனைக்குப் போனார்.

புற்றுநோய் வார்டில் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சட்டென்று டம்ளரைக் கீழே வைத்தார். முழங்காலை மடக்கினார். வார்டின் வாசலில் நின்ற துரைசிங்கத்தின் உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தது. ஒரு தட்டல், இன்னொரு தட்டல் என்று அவர் மனதுக்குள் எண்ணினார். கட்டிலில் இருந்தவர் உடம்பை இடப்பக்கம் சாய்த்து, வலது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அலை ஓயும்வரை துரைசிங்கம் வாசலிலேயே நின்றார். பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். பொய்தான். கட்டிலில் இருந்தவர் பெயர் மரியநாயகம், கடற்படையில் சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எலும்பில் புற்று. இரண்டு மணிக்கட்டிலும் பட்டை இருந்தது.

"ரெண்டு கையிலயும் கட்டியிருக்கீங்களே, அண்ணே?"

"ஒண்ணு அனுப்புறது சார், இன்னொண்ணு வாங்குறது. வாங்குற கைக்குச் சம்பளம் உண்டு." மரியநாயகம் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். "கம்பெனிப் பையன் வந்து, வலி பழகின ஆளா வேணும்னு கேட்டான். இங்க படுத்திருக்கிறவன் எல்லாரும் பழகினவன்தானே. இந்த வார்டுலயே பாதிப் பேர் கேட்டாங்க, எனக்குத்தான் கிடைச்சுது. எப்படியும் வலிக்கத்தான் போகுது. அதுக்குக் காசும் வருதுன்னா பொண்டாட்டி கையில கொடுக்கலாம்ல."

"கட்டினதுக்கு அப்புறம் வலி எப்படி இருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கூடத்தான் இருக்கு. சம்பளம் வாங்கிட்டுக் குறை சொல்லக்கூடாது."

துரைசிங்கத்துக்குக் கருவி விளங்கிவிட்டது. ஒரு மனிதனின் வலியை நகலெடுத்து அதே மனிதனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தாங்கினான். தாங்கியதையும் சேர்த்து மறுபடி நகலெடுத்தது. முதல்முறையாக ஒரு பொறி இயங்கும் விதம் தெரிந்ததில் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

"முன்னாடி வேற யாரோ தாங்கினாங்களாம்," என்றார் மரியநாயகம். "அமைச்சர்னு சொன்னாங்க. பாவம், எனக்காக ஒரு மனுஷன் இப்படிக் கிடந்து தவிக்கிறாரேன்னு தினம் ஜெபத்துல அவரையும் சேர்த்துக்குவேன். இப்ப எப்படி இருக்காரு, தெரியுமா சார்?"

"நல்லா இருக்கார்," என்றார் துரைசிங்கம். "நடக்கிறார்."

மறுநாள் கேள்வி நேரம். சலீமாவின் கேள்வி மறுபடி பட்டியலில் இருந்தது. சபையின் ஓரத்தில் அதிகாரிகளுக்கென்று ஒரு மாடம் உண்டு. உறுப்பினர் துணைக்கேள்வி கேட்டால், அங்கிருந்து துண்டுச்சீட்டில் பதில் எழுதி அமைச்சருக்கு அனுப்புவார்கள். துரைசிங்கம் செயலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கணினிப் பலகையைத் திறந்தார். மேற்பார்வை அதிகாரி என்ற முறையில் ஒப்பந்தக்காரரிடமிருந்து கோப்பைத் திரும்ப எடுத்தார். இடுப்பில் வந்து விழுந்தது பழைய வலி இல்லை. ஏறிப்போயிருந்தது. கண்ணில் நீர் வர, ஒரே வரி எழுதினார்: 'கிடங்கிலுள்ள மருந்தை உடனே வார்டுக்கு வழங்கலாம்.' கீழே தன் பெயரைப் போட்டார். இத்தனை வருடப் பணியில் 'பரிசீலிக்கலாம்' என்ற சொல் இல்லாமல் அவர் எழுதிய முதல் குறிப்பு அது. துணைச் செயலாளருக்கு அனுப்பினார்.

கோப்பு நகர்ந்த வேகத்தை அந்தத் துறை அதுவரை கண்டதில்லை. உணவகத்தில் வடை தின்றுகொண்டிருந்த துணைச் செயலாளர், மறுக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுத நேரமாகும் என்று புரிந்துகொண்டு, வடையை வைத்துவிட்டு ஒப்புதல் தட்டினார். கூடுதல் செயலாளர் படிக்கவே இல்லை. அடுத்த நிமிடம் கோதைநாயகி அம்மையார் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார்.

"துரை, என்ன இது?"

"வார்டு, மேடம்."

"இதுல தளபதியைக் கேட்கணும். எனக்கு யோசிக்க நேரம் வேணும்."

"தாராளமா எடுத்துக்கலாம் மேடம். அதுவரைக்கும் கோப்பு உங்ககிட்டதான் இருக்கும்."

அவர் துரைசிங்கத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் திரையில் கட்டைவிரலை வைத்து ஒப்புதல் தந்தார்.

கீழே சபையில் வீரபாகு நின்றுகொண்டிருந்தார். நோயாளிகளின் வேதனையை இந்த அரசு முழுமையாக உணர்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாக்கியம் முடியவில்லை.

முதலில் அவர் மேசையைப் பிடித்தார். எதிரே ஒளிர்ந்த திரையில் கோப்பைப் பார்த்தார். முப்பது வருட அரசியல் அனுபவம் உள்ளவர், என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மருந்து நலவாழ்வுத் துறையுடையது அல்ல, பாதுகாப்புத் துறையுடையது. ஆகவே நலவாழ்வு அமைச்சராகக் கையெழுத்திட்டு, பாதுகாப்பு அமைச்சருக்குத் தள்ளினார். கோப்பு போயிற்று. போய், அவர் திரையிலேயே வந்து நின்றது. மருந்து நோயாளிகளுக்கானது என்று காரணம் காட்டி நலவாழ்வு அமைச்சருக்குத் திருப்பினார். அதுவும் வந்தது. மாடத்திலிருந்து பார்த்த துரைசிங்கத்துக்கு, அமைச்சரின் விரல் திரையின் இடமும் வலமும் மாறி மாறித் தட்டுவது தெரிந்தது. அனுப்புவதற்கு ஆளே இல்லாத இடத்துக்கு அரசாங்கத்தில் ஒரு கோப்பு வந்து சேர்ந்துவிட்டது.

எதிர்வரிசையில் சலீமா எழுந்தார். அமைச்சருக்கு உடல்நலமில்லை போலிருக்கிறது, பதிலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"வேண்டாம்மா," என்றார் வீரபாகு. "தள்ளிவைக்காதீங்க. இப்பவே சொல்லிடறேன்."

ஓர் அமைச்சர் காலநீட்டிப்பை மறுத்தது அந்தச் சபையில் அதுவே முதல் தடவை என்பதால் சபாநாயகர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வீரபாகு காத்திருக்கவில்லை. மூன்றுக்கும் பதில் ஆம் என்றார். மருந்தைக் கொடுக்கிறேன் என்றார். பதில் சொல்லியாகிவிட்டது, வலி நின்றிருக்க வேண்டும். ஆனால் உத்தரவு நிறைவேறும்வரை கோப்பு அவர் பெயரில்தான் நிற்கும். அவர் உத்தரவு போட்டுப் பழகியவரே தவிர நிறைவேறிப் பார்த்தவர் இல்லை. சபையிலிருந்தே கிடங்குக்குத் தொலைபேசினார். பெட்டி கிளம்பிவிட்டதா, சாலையைக் கடந்துவிட்டதா, மாடி ஏறிவிட்டதா என்று ஒவ்வொரு படியாக அவர் கேட்பதை இரண்டு பக்க உறுப்பினர்களும் மூச்சுக்காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் மெதுவாக உட்கார்ந்தார். முகம் தூக்கம் வந்த குழந்தையின் முகம்போல ஆனது. வெளியே வரும்போது செயலாளரிடம், அந்த மனுஷன் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். சட்டப்படி சொல்ல முடியாது என்றார் கோதைநாயகி அம்மையார்.

அமைச்சரவை அடுத்த வாரமே கூடிப் பேசியது. இப்படி ஒரு நிலை இனி யாருக்கும் வரக்கூடாது என்பதில் எல்லோரும் ஒரே கருத்து. பாதுகாப்புத் துறையும் நலவாழ்வுத் துறையும் இரண்டு அமைச்சர்களிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டன. இனிமேல் எந்தக் கோப்புக்கும் போவதற்கு ஓர் இடம் இருக்கும். எதற்காகப் பிரித்தீர்கள் என்று சலீமா கேள்வி அனுப்பினார். பதிலை எழுதும் வேலை துரைசிங்கத்துக்கே வந்தது. நிர்வாக வசதிக்காக என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்று மாலை வார்டுக்குப் போனார். மரியநாயகம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் பட்டை இல்லை. துரைசிங்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சார், ஒரு நிமிஷம்," என்றார் அடுத்த கட்டில்காரர். தாடை ஒட்டிப்போன, வயது குறைந்த ஆள். "நீங்க அந்தப் பட்டை ஆபீஸ்தானே? மரியநாயகம் அண்ணனுக்கு வேலை போயிடுச்சு. அதைத் திரும்ப ஆரம்பிச்சா என் பேரைச் சேர்த்துக்குவீங்களா? பிள்ளைங்க படிக்குது. நான் அவரைவிட நல்லாத் தாங்குவேன்."

இரண்டு அமைச்சர்கள் இருக்கிறார்கள். கோப்பு போய்க்கொண்டே இருக்கலாம். எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கும் என்று துரைசிங்கத்துக்குத் தெரியும். ஆனால் மரியநாயகத்தின் இடுப்பு தெரிந்ததுபோல இந்த ஆளை அவருக்குத் தெரியாது.

ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எங்கே வலி, தம்பி?" என்று கேட்டார்.